பகிடியும் வதையும்: பல்கலைக்கழக வன்முறைத் தடுப்பு நிகழ்ச்சித்திட்டங்கள் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

பகிடிவதை என்பது இலங்கைத் தமிழில் நன்கு வேரூன்றிவிட்ட ஒரு தொகைச்சொல். அதன் முற்பகுதி விளையாட்டையும் பிற்பகுதி துன்பத்தையும் சுட்டுகின்றன. சிங்கள மொழியில் இதற்கு வழங்கும் 'நவக வதய' என்ற தொடரிலோ விளையாட்டுக்கு இடமில்லை. புதியவர் மீது இழைக்கப்படும் வதை என்பதே அதன் நேர்ப்பொருள். ஒரே விடுதியில் ஒரே இரவில் நிகழும் ஒரே செயலைக் குறிக்கும் இவ்விரு சொற்களுள் ஒன்று துன்புறுபவனை முன்னிறுத்த, மற்றையது துன்புறுத்துபவன் கூறும் சாட்டை முன்னிறுத்துகின்றது. சொல்லாக்கத்தில் நேர்ந்த தற்செயல் என இதனை ஒதுக்கிவிடலாம். ஆயினும், மாணவரிடையே நிகழும் வன்முறையைத் தடுப்பதற்கெனவும் நல்லுறவுகளை வளர்ப்பதற்கெனவும் பல்கலைக்கழகங்களில் நடத்தப்பெறும் நிகழ்ச்சித்திட்டங்கள் எங்கே இடறுகின்றன என ஆராய்வோர் இத்தொகைச்சொல்லின் முற்பகுதியிலிருந்து தொடங்குதல் பொருத்தமுடையது. வதையை எவரும் மேடையேறி ஆதரிப்பதில்லை, பகிடியையே ஆதரிக்கின்றனர்.

இலங்கையில் இவ்விடயம் சட்டத்தின் கவனத்துக்கு வந்தது காலந்தாழ்த்தியே எனலாம். 1975ஆம் ஆண்டில் பேராதனையிலே பகிடிவதைக்கு அஞ்சி இராமநாதன் மண்டபத்தின் மாடியிலிருந்து குதித்த மாணவி ஒருவர் நடமாட்டத்தை இழந்தார். 2002இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். 1997இல் அதே பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடத்து முதலாம் வருட மாணவர் ஒருவர் கடுமையான உடற்பயிற்சிகளுக்கு வற்புறுத்தப்பட்டுச் சிறுநீரகங்கள் செயலிழந்து இறந்தார். இதன் பின்னரே 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறியது. உடலுக்கோ உள்ளத்துக்கோ ஊறு விளைவிக்கும், அல்லது விளைவிக்கக்கூடிய செயலையும், மன வேதனையையும் அச்சத்தையும் உண்டாக்கும் செயலையும் பகிடிவதை என அச்சட்டம் வரையறுத்தது. குற்றவாளிக்கு இரண்டாண்டு வரையும், பாலியல் தொந்தரவோ கொடுங்காயமோ சேருமிடத்துப் பத்தாண்டு வரையும் சிறைத்தண்டனை விதிக்க இடமளித்தது. செய்தவனின் நோக்கம் விளையாட்டா என வினவாது விளைவையே அளவுகோலாகக் கொண்டமை இச்சட்டத்தின் சிறப்பாகும். பகிடி என்ற சாட்டுக்கு அங்கே இடமில்லை. எனினும், 2002ஆம் ஆண்டில் ஸ்ரீ ஜயவர்த்தனபுரப் பல்கலைக்கழகத்திலே பகிடிவதையை எதிர்த்த மாணவர் ஒருவர் தாக்கப்பட்டு இறந்தார். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு 2010இல் 919ஆம் இலக்கச் சுற்றறிக்கையை வெளியிட வேண்டியிருந்ததும், அதன் பின்னரும் பகிடிவதைச் செய்திகள் ஓயாதிருப்பதும் சட்டத்தின் வரம்பைக் காட்டுகின்றன.

அவ்வரம்புக்குக் காரணம் எளிது. சட்டம் முறைப்பாட்டை எதிர்பார்க்கின்றது. முறைப்பாடு செய்ய வேண்டியவனோ அன்றிரவும் அதே விடுதியிற் படுத்துறங்க வேண்டியவன்.

தண்டனையால் இயலாததைக் கல்வியால் சாதிக்கலாம் என்ற நம்பிக்கையிலிருந்தே தடுப்பு நிகழ்ச்சித்திட்டங்கள் தோன்றின. இத்துறையில் நெடிய அனுபவம் ஐக்கிய அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் உண்டு. 1987இல் மேரி கொஸ் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 32 உயர்கல்வி நிறுவனங்களைச் சேர்ந்த 6,159 மாணவ மாணவியரிடம் நடத்திய ஆய்வு இதில் ஒரு திருப்புமுனையாகக் கருதப்படுகின்றது. பாலியல் வன்முறை இருளிலே பாய்ந்துவரும் அந்நியனின் செயல் என்ற பொதுநம்பிக்கையை அது தகர்த்தது. இழைத்தோரிற் பெரும்பாலோர் பாதிக்கப்பட்ட பெண்ணுக்கு நன்கு அறிமுகமானவர்கள். இதன் பின்னர் அந்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றிலும் புதுமுக மாணவருக்கு ஒரு மணிநேர விரிவுரை, ஒரு திரைப்படம், ஒரு துண்டுப்பிரசுரம் என்ற வழக்கம் பரவிற்று. இலங்கையின் புகுமுக வாரங்களிலே காணப்படும் 'விழிப்புணர்வுச் செயலமர்வு' என்பதும் ஏறத்தாழ இந்த அச்சிலே வார்க்கப்பட்டதே. உபவேந்தரின் வாழ்த்துரைக்கும் நூலகர் தரும் அறிமுகத்துக்கும் இடையில் அதற்கும் அரைமணி நேரம் ஒதுக்கப்படுகின்றது. மண்டபத்தில் இருப்போரில் எவர் அன்று மாலையே விடுதியில் வரிசையாக நிறுத்தப்படப் போகின்றனர் என்பது பேசுபவருக்கும் தெரியும், கேட்பவருக்கும் தெரியும்.

இவ்வழக்கம் பலன் தந்ததா? 2014இல் சேரா டிகியூவும் பிறரும் வெளியிட்ட மதிப்பாய்வு, பாலியல் வன்முறையைத் தடுக்க முயன்ற திட்டங்கள் பற்றிய 140 மதிப்பீடுகளைத் தொகுத்து நோக்கியது. கடுமையான ஆய்வுமுறைக்கு நின்று, வன்முறை நடத்தையை உண்மையிலேயே குறைத்தன என நிறுவப்பட்ட முயற்சிகள் மூன்று மட்டுமே. அவற்றுள் இரண்டு பாடசாலைப் பிள்ளைகளுக்கானவை. மூன்றாவது நிதி ஒதுக்கீட்டுச் சட்டமொன்று. பல்கலைக்கழகத்துக்கென வகுக்கப்பட்ட ஒரு திட்டமேனும் அப்பட்டியலில் இல்லை. குறுகிய ஒருநாள் நிகழ்ச்சிகள் அறிவையும் மனப்பாங்கையும் சிறிது மாற்றக்கூடும், அம்மாற்றமும் சில மாதங்களில் மங்கிவிடும், நடத்தையோ மாறுவதில்லை. விரிவுரை கேட்டவுடன் வினாக்கொத்தில் நல்ல விடையைக் குறிப்பது தேர்வெழுதிப் பழகிய மாணவருக்குக் கடினமானதன்று. இதனை வெற்றி எனக் கணக்கிட்டு அறிக்கை எழுதும் வழக்கம் எந்த நாட்டிலும் நிர்வாகத்துக்கு வசதியானது.

இத்தோல்வியிலிருந்து பிறந்ததே பார்த்து நிற்பவரை விளிக்கும் அணுகுமுறை. அதன் ஆய்வுத்தோற்றம் 1968இல் லற்றானே, டார்லி என்ற இருவர் செய்த பரிசோதனையாகும். அடுத்த அறையிலிருப்பவருக்கு வலிப்பு வந்துள்ளது என நம்பிய மாணவருள், தாம் மட்டுமே அதனைக் கேட்பதாக எண்ணியோரில் 85 வீதத்தினர் வலிப்பு ஓயுமுன் உதவி தேடினர். வேறு நால்வரும் கேட்கின்றனர் என எண்ணியோரில் 31 வீதத்தினரே அவ்வாறு செய்தனர். இப்பரிசோதனையைத் தூண்டிய 1964ஆம் ஆண்டின் நியூயோர்க் கொலைச் செய்தி, முப்பத்தெட்டுப் பேர் வாளாவிருந்தனர் என்ற கூற்று, பெரிதும் மிகைப்படுத்தப்பட்டது என்பது பின்னர் வெளியாயிற்று. ஆயினும் அடிப்படைக் கேள்வி பிழையானதன்று. 1993இல் பொஸ்ரன் நகரின் நோத்ஈஸ்ரேண் பல்கலைக்கழகத்தில் ஜக்சன் காட்ஸ் தொடங்கிய திட்டம் விளையாட்டு வீரரை ஒன்றுகூட்டி, 'நீ குற்றவாளி' என்றோ 'நீ பலியாகக்கூடியவள்' என்றோ கூறாது, 'உன் நண்பன் இதைச் செய்யும்போது நீ என்ன செய்வாய்' என வினவியது. குற்றஞ்சாட்டப்பட்டவன் செவியை மூடிக்கொள்கின்றான். நண்பனாக விளிக்கப்பட்டவன் சிறிதாயினும் செவிசாய்க்கின்றான். இந்நுட்பமே அவ்வணுகுமுறையின் பலம். அம்ஸ்ரர்டாம், லங்காஸ்ரர், கேப்ரவுன் ஆகிய நகரங்களின் தெருக்களிலே பதிவான 219 சச்சரவுகளை ஆராய்ந்து 2019இல் வெளியான ஆய்வொன்று, பத்தில் ஒன்பதில் யாராவது ஒருவரேனும் தலையிட்டனர் எனக் கண்டது. மனிதர் இயல்பாகவே கைகட்டி நிற்பவர் என்ற கருத்து இதனால் வலுவிழக்கின்றது.

அவ்வாறாயின், தெருவிலே தலையிடும் மனிதன் விடுதியிலே ஏன் தலையிடுவதில்லை? தழுவி நடத்தப்படும் நிகழ்ச்சித்திட்டங்கள் இவ்வினாவை எழுப்பாமலே கடந்துவிடுகின்றன. தெருச் சச்சரவில் பார்த்து நிற்பவர் வெளியாள். பகிடிவதையிலோ வெளியாள் என எவரும் இல்லை. இரண்டாம் வருடத்தவன் சென்ற ஆண்டு அதே சுவரோரம் நின்றவன். இவ்வாண்டு அவன் தடுப்பானாயின், தான் பட்டது வீண் என்று ஒப்புக்கொள்ள வேண்டும்; அதனை ஒப்புக்கொள்ளுவது பட்டதிலும் கடினம். மூன்றாம் வருடத்தவன் பார்வையாளனாக நின்று வழிநடத்துகின்றான். முதலாம் வருடத்தவனோ தன் அணியில் ஒருவன் விலகினால் ஏனையோருக்குத் தண்டனை இரட்டிக்கும் என எச்சரிக்கப்பட்டவன். ஆகவே விலகுபவனைத் தடுக்கும் வேலையைச் சிரேஷ்ட மாணவர் செய்யவேண்டியதில்லை, சகபாடிகளே செய்துவிடுகின்றனர். பிறின்ஸ்ரன் மாணவரின் மதுப்பழக்கம் பற்றி 1993இல் வெளிவந்த பிரென்ரிஸ், மில்லர் என்போரின் ஆய்வு ஈண்டு நினைவுகூரத்தக்கது. ஒவ்வொருவரும் உள்ளூரத் தயங்கினர். ஏனையோர் தயங்கவில்லை என ஒவ்வொருவரும் நம்பினர். பலருக்கு விருப்பமில்லாத ஒன்று அனைவரின் விருப்பமாகத் தோற்றமளித்து நிலைபெறும் விந்தை இது. ஒரு விடுதியின் உணவுக்கூடத்தில் அமர்ந்து அமைதியாகக் கேட்டுப்பார்க்கும் எவரும் இதனை அறியலாம்.

இவ்விடத்திலே பகிடிவதைக்குக் கூறப்படும் கருத்தியல் நியாயத்தையும் நோக்குதல் வேண்டும்; அதனை வெறும் காட்டுமிராண்டித்தனம் என ஏசி ஒதுக்குவது விமர்சனமாகாது. இலவசக் கல்வியும் சுயமொழிக் கல்வியும் கிராமத்துப் பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்துக்குக் கொணர்ந்தபோது, ஆங்கிலம் பேசும் நகர்ப்புறத்தவரின் ஏளனம் அவர்களை எதிர்கொண்டது. சிங்கள மாணவர் வழக்கிலே ஆங்கிலத்துக்கு 'கடுவ', அதாவது வாள், என்ற பெயர் வழங்குவது அக்காயத்தின் அடையாளமே. எல்லோருக்கும் ஒரே உடை, எல்லோருக்கும் ஒரு பட்டப்பெயர், எவனுக்கும் தனிச்சலுகை இல்லை என்ற பகிடிவதை விதிகள் இவ்வேற்றத்தாழ்வைத் தரைமட்டமாக்குகின்றன என்பது அதன் ஆதரவாளர் வாதம். இவ்வாதத்தில் ஒரு துளி உண்மை உண்டு. அதனாலேயே அது ஆபத்தானது. பணத்தாலும் மொழியாலும் வந்த ஏற்றத்தாழ்வு சில மாதங்களுக்கு மறைக்கப்படுகின்றது. அதனிடத்தில் வருடத்தால் வந்த ஏற்றத்தாழ்வு முழு அதிகாரத்துடன் அமர்த்தப்படுகின்றது. ஒருங்கே அஞ்சுவோரிடையே நிலவும் ஒப்புமையைச் சமத்துவம் என அழைக்க முடியுமாயின், சிறைச்சாலையை மிஞ்சிய சமத்துவச் சமுதாயம் வேறு இருக்க முடியாது.

எனினும் பகிடிவதையின் உண்மையான பிடி கருத்தியலில் இல்லை, உறவில் உள்ளது. பல்கலைக்கழகத்துக்கு வரும் பதினெட்டு, இருபது வயதுப் பிள்ளை தன் ஊரையும் வீட்டையும் விட்டு முதன்முறையாகத் தனித்து நிற்கின்றது. அப்பிள்ளையை நோக்கி முதலில் வருபவன் சிரேஷ்ட மாணவன். அவனை 'அண்ணா' என்றும் அவளை 'அக்கா' என்றும் விளிக்க வேண்டும். திட்டியவனே மறுநாள் தேநீர் வாங்கிக் கொடுக்கின்றான். முழங்காலில் நிறுத்தியவனே பின்னர் பாடக்குறிப்புகளைத் தருகின்றான். காலம் முடிந்ததும், 'எல்லாம் உன்னைச் சேர்த்துக்கொள்ளத்தான்' என்று தோளிற் கைபோடுகின்றான். அச்சமும் அன்பும் ஒரே கையிலிருந்து மாறிமாறி வருவதால், இரண்டும் ஒன்றெனவே பழகிவிடுகின்றது.

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்து டுலூத் நகரிலே 1984ஆம் ஆண்டளவில், துணைவரால் துன்புறுத்தப்பட்ட பெண்களின் வாய்மொழிகளைக் கொண்டு ஒரு வரைபடம் ஆக்கப்பட்டது. 'அதிகாரமும் கட்டுப்பாடும்' என்ற அச்சினைச் சுற்றிச் சுழலும் சில்லாக அது அமைந்தது. அச்சுறுத்தல், பிறரிடமிருந்து தனிமைப்படுத்தல், இழிவாகப் பேசுதல், தன் செயலைச் சிறிதாக்கிக் காட்டுதல், பழியை மற்றவர் மேலேற்றுதல் என்பன அச்சில்லின் ஆரைகள். நல்லுறவு பற்றிய பயிற்சிநெறிகள் பலவற்றிலும் இவ்வரைபடம் இன்று காட்டப்படுகின்றது. காதலன் காதலியின் உடையைத் தீர்மானித்தால் அது எச்சரிக்கைக் குறி. அவள் யாருடன் பேசலாம் என விதித்தால் எச்சரிக்கைக் குறி. நள்ளிரவில் அழைத்தாலும் உடனே பதிலளிக்க வேண்டும் என வற்புறுத்தினால் எச்சரிக்கைக் குறி எனக் கற்பிக்கப்படுகின்றது. கேட்டிருக்கும் முதலாம் வருட மாணவி அவ்வாரத்தில் என்ன உடுக்க வேண்டும், எவ்வழியால் நடக்க வேண்டும், எவரோடு பேசலாகாது என்பவை யாவும் ஏற்கெனவே ஒருவரால் விதிக்கப்பட்டுவிட்டன. விதித்தவர் காதலன் அல்லர் என்ற ஒரே காரணத்தால் அது பயிற்சிநெறியின் பாடத்துள் வருவதில்லை. அது மார்ஷலின் பொறுப்பு, ஒழுக்காற்றுக் குழுவின் பொறுப்பு. தன் செயலைச் சிறிதாக்கிக் காட்டுதல் என்ற ஆரைக்குத் தமிழிலே தனி விளக்கமும் வேண்டியதில்லை. 'பகிடிக்குத்தானே' என்பதே அது.

நிர்வாகம் இவ்வாறு இரண்டாகப் பிரித்துவைத்ததை மாணவர் வாழ்க்கை ஒன்றாகவே வைத்திருக்கின்றது. முதலாம் வருட மாணவியிடம் சிரேஷ்ட மாணவன் ஒருவன் பகிடிவதைக் காலத்திலே காதலைத் தெரிவிக்கின்றான் எனக் கொள்வோம். மறுக்கும் உரிமை அவளுக்கு உண்டென்று கைநூல் கூறும். அவன் சொல்லால் அவளுடைய அடுத்த மூன்று மாதங்கள் இலகுவாகவோ கொடுமையாகவோ அமையக்கூடிய நிலையில் அவள் கூறும் 'ஆம்' என்பதன் பொருள் யாது? தன்னை அழவைத்தவனையே பின்னர் மணந்துகொண்டவளின் கதை பழைய மாணவர் ஒன்றுகூடல்களிலே இனிய நினைவாகச் சொல்லப்படுவதுண்டு. அம்மணவாழ்வு நன்றாகவே அமைந்திருக்கலாம். ஆனால் அக்கதையைக் கேட்டுச் சிரிக்கும் இளையவன் அதிலிருந்து கற்றுக்கொள்வது என்ன என்பதே வினா.

தமிழ் பயிலும் மாணவருக்கு இவ்வினா புதிதன்று; அவர்தம் பாடநூல்களுக்குள்ளேயே அது உள்ளது. அகமரபிலே தலைவன் மடலேறுவதாகக் கூறும் துறை நோக்கற்பாலது. பனைமட்டையாற் செய்த குதிரையேறி ஊர்நடுவே தன்னையும் தலைவியையும் அலருக்கு உள்ளாக்குவேன் என்பது அதன் சாரம். உண்மையில் ஏறிவிட்ட மடலைப் பெருந்திணையில் ஒதுக்கிய மரபு, ஏறுவேன் என்ற கூற்றை மட்டும் அன்பின் ஐந்திணைக்குள் அனுமதித்தது. செயல் பொருந்தாக் காமம், மிரட்டல் காதல்! விரிவுரை மண்டபத்திலே இத்துறை தலைவனது காதலின் ஆழத்துக்குச் சான்றாக மட்டுமே விளக்கப்படுமாயின், 'நீ மறுத்தால் நான் சாவேன்' எனச் செய்தியனுப்பும் மாணவனுக்கு இலக்கிய அங்கீகாரம் வழங்கியவாறாகும். மறுபுறம், அதே மரபில் தோழி இருக்கின்றாள். தலைவனை உடனே நம்பாது சேட்படுத்துபவள் அவள்; களவு நீடித்துத் தலைவிக்குத் தீங்காகும் நிலையில் அறத்தொடு நின்று செவிலிக்கு உரைப்பவளும் அவளே. செவிலி நற்றாய்க்கும், நற்றாய் தந்தைக்கும் தன்னையருக்கும் என அச்செய்தி படிமுறையாகச் செல்கின்றது. பார்த்து நிற்பவர் அணுகுமுறையைத் தமிழர் முன்னரே கண்டனர் எனப் பெருமை பேசுவதற்கு இது சான்றாகாது. தோழியின் தலையீடும் இறுதியில் மணத்தை நோக்கியதே, தலைவியை விடுவிப்பதை நோக்கியதன்று. ஆயினும் இரகசியத்தை யாரிடம், எந்த ஒழுங்கில் உடைப்பது என்பது துரோகமாகாமல் அறமாகும் வழியைச் சிந்தித்த ஒரு மரபு கைவசம் இருக்கையில், காட்டிக்கொடுப்பவன் என்ற பழிக்கு அஞ்சும் மாணவனுடன் பேசுவதற்கு இறக்குமதிச் சொற்களை மட்டுமே நம்பியிருத்தல் வேண்டியதில்லை.

கனடாவில் சாலின் சென் என்பவரின் தலைமையில் வகுக்கப்பட்டு, மூன்று பல்கலைக்கழகங்களிலே 893 மாணவியரிடம் பரிசோதிக்கப்பட்ட திட்டம் ஒன்று விதிவிலக்காக வெற்றிகண்டது. 2015இல் வெளியான முடிவுகளின்படி ஓராண்டுக்குள் வன்புணர்வுக்கு உள்ளானோர் பயிற்சி பெற்றோரில் 5.2 வீதம், துண்டுப்பிரசுரம் மட்டும் பெற்றோரில் 9.8 வீதம். அது பன்னிரண்டு மணிநேரம், நான்கு அமர்வுகளாக நடந்தது. அதன் மையம் தற்காப்புக் கலை எனச் சிலர் கருதுவர். உண்மையில் அதன் கடினமான பகுதி வேறொன்றாகும்: அறிமுகமான ஒருவரை, நல்லவர் என மதிக்கப்படும் ஒருவரை, எதிர்ப்பதற்குத் தடையாக உள்ளிருந்து எழும் கூச்சத்தை எதிர்கொள்ளப் பழக்குதல். பொறுப்பைப் பெண்கள் மேலேற்றுகின்றது என்ற கண்டனம் இதற்கு எதிராக எழுந்துள்ளது. அக்கண்டனத்தை முற்றாகப் புறக்கணிக்க முடியாது. எனினும் அந்த உட்தடையே முதலாம் வருடத்தவனின் நாவையும் கட்டுகின்றது. தனக்கு வேண்டியவரிடம் மறுப்புக் கூறுதல் அந்நியனிடம் மறுப்புக் கூறுவதிலும் பன்மடங்கு கடினம்.

'வேண்டியவர்' என்ற இச்சொல்லை நிகழ்ச்சித்திட்டங்களைத் தலைமைதாங்கி நடத்துவோர் ஊன்றி நோக்குதல் நன்று. சிரேஷ்ட மாணவர் ஏன் வேண்டியவராகின்றனர்? பாடக்குறிப்புகளும் பழைய வினாத்தாள்களும் அவர்களிடம் உள்ளன. விடுதி கிடையாதவனுக்கு எந்த வீட்டில் அறை கிடைக்கும், எந்தக் கடையில் மாதக்கணக்கிற் சாப்பிடலாம், மகாபொல விண்ணப்பம் தாமதித்தால் எவரைக் காணலாம் என்பன அவர்களுக்கே தெரியும். சிங்களம் அறியாது தெற்கின் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு வரும் தமிழ் மாணவனுக்குத் தன் மொழியில் முதல் வார்த்தை சொல்பவரும் அவர்களே. பகிடிவதையை ஏற்க மறுத்தவன் ஒதுக்கப்படுகின்றான் என்பதன் நடைமுறைப் பொருள், இவை யாவும் அவனுக்கு மறுக்கப்படும் என்பதாகும். மாணவ ஆலோசகரின் அலுவலகம் மாலை நான்கு மணிக்கு மூடப்படுகின்றது. பகிடிவதையோ இரவு பத்து மணிக்குப் பின்னரே தொடங்குகின்றது. ஆகையால் செயலமர்வின் தலைப்பு எதுவாயினும், புதுமுக மாணவர் வருவதற்கு முன்னுள்ள வாரங்களிலே இரண்டாம் வருடத்தவரை அழைத்து, சென்ற ஆண்டு தமக்கு நேர்ந்ததை அவர்கள் வாயாலேயே, அவர்கள் மொழியிலேயே கூறவைத்து, வரப்போகும் ஒவ்வொரு பிள்ளைக்கும் குறிப்பும் அறையும் வழித்துணையும் நிபந்தனையின்றி வழங்கும் பொறுப்பை அவர்களிடம் ஒப்படைக்காத எந்தத் திட்டமும் அப்பொறுப்பைப் பகிடிவதை செய்வோரிடமே விட்டுவைக்கின்றது.